தோளுக்கேற்ற துப்பாக்கி

ரவ்னே,
16 பிப்ரவரி 1997

அன்புள்ள லொவ்ரோவுக்கு,

மின்கா எழுதுகிறேன். இங்கே நான் சௌக்கியம். நீயும் அந்தப் பனிமூட்ட ஊரில் இருமாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். நீ போவதற்கு முன் கூரையில் மாற்றிய தகடு இந்த வருஷப் பனிக்கும் தாக்குப்பிடித்துவிட்டது. சமையலறை ஜன்னல்தான் இன்னும் சரியாகச் சாத்தமாட்டேன் என்கிறது. உன் நாற்காலியைப் பூனை எடுத்துக்கொண்டது. அதற்கும் உன்னைப் போலவே சாப்பிட்டதும் தூக்கம் வருகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். வேட்டைப் பரீட்சையில் தேறிவிட்டேன். ஆமாம், நான்தான், தபால்காரி மின்கா. ஒரு வருஷம் வேட்டைச் சங்கத்தில் எடுபிடியாக இருந்து, மான்களுக்கு உப்பு வைத்து, பரண் ஏணிக்கு ஆணி அடித்து, எல்லாம் முடித்தாயிற்று. பரீட்சை அன்று யாகொப் தலைவர் தோரணையில் உட்கார்ந்துகொண்டு, "ஏன் மின்கா, இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்றான். "உன் வயசுல உனக்கு எதுக்கோ, அதுக்குத்தான்"னு சொன்னேன். மற்ற இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள், சிரிப்பை மறைக்க.

இலையுதிர் காலத்துக்கு எனக்கு ஒரு மலையாடு ஒதுக்கியிருக்கிறார்கள். கோஸ்யாக் மலையில், ஒரு கிழட்டுக் கடா. அதற்கு எனக்குத் துப்பாக்கி வேண்டும். நீ துப்பாக்கிக் கடையில் வேலை பார்ப்பவன். நம் இருவருக்கும் நடுவில் என்ன இருந்தாலும், இல்லாவிட்டாலும், இதைப் பற்றிக் கேட்க எனக்கு வேறு ஆள் கிடையாது.

யாகொப்பின் பூட்டிய அலமாரியில் நீ விட்டுப்போன பழைய துப்பாக்கி இருக்கிறதே, அதை அவன் முன்னாலேயே தபால் நிலையத்துப் பார்சல் தராசில் வைத்துப் பார்த்தேன். மேலே குறிபார்க்கும் கண்ணாடி, வார் எல்லாம் சேர்த்து ஐந்து கிலோவுக்குப் பக்கம். பை தூக்கிப் பழகின தோள் என்னுடையது. கனம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அடிவாரத்தில் ஒன்றும் செய்யாது. மேய்ச்சல் மேட்டைத் தாண்டி, புதர்ப் பைன் முடிந்து, வெறும் கல் தொடங்கும்போதுதான் அது பேச ஆரம்பிக்கும். எனக்கு இலேசாக வேண்டும். அழகாக இருக்கவேண்டாம், புதிதாக இருக்கவேண்டாம். தூக்கிக்கொண்டு ஏறி, ஏறின பிறகும் சுடக்கூடியதாக இருக்கவேண்டும்.

எது நல்லது, எழுது.

மின்கா

---

மாரிபோர்,
2 மார்ச் 1997

அன்பு மின்காவுக்கு,

நம் வேட்டை ஆட்கள் வழக்கப்படி முதலில்: உன் கண்ணுக்கு நல்ல காட்சி கிட்டட்டும்! இதை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன். உனக்குச் சொல்வது இதுதான் முதல் தடவை. உன் கடிதத்தைக் கடையிலேயே பிரித்தேன், நின்றபடியே இரண்டு முறை படித்தேன். முதலாளி, "என்ன லொவ்ரோ, யாராவது போய்ட்டாங்களா?" என்றார். "இல்ல சார், ஒருத்தி வர்றா"ன்னு சொன்னேன்.

சந்தோஷம். நிஜமாகச் சொல்கிறேன்.

இலேசான துப்பாக்கி என்று கேட்கிறாய். இப்போது எல்லாருக்கும் அதே பித்துத்தான். போன வாரம் ஒரு பல் டாக்டர் வந்தார். "உங்ககிட்ட இருக்கறதுலயே கனமில்லாதது எது?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். கையில் வாங்கி, இறகு மாதிரி இருக்கிறதே என்று பூரித்துப்போனார். பிறகு அதன் தலையில் ஒரு கிலோ கண்ணாடியைப் பூட்டச் சொல்கிறார். "ராத்திரி பன்னிக்கும் ஆகணுமில்லையா?" "டாக்டர், அப்போ துப்பாக்கி எதுக்கு? கண்ணாடியாலயே பன்னிய அடிச்சிரலாமே" என்றேன். அவர் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை.

ஆனால் யோசித்துச் சொல்கிறேன், கேள். இலேசான துப்பாக்கி தூக்கும்போதுதான் நல்ல பிள்ளை. சுடும்போது துள்ளும், தோளில் உதைக்கும். ஏறி வந்த மூச்சு அடங்கும் முன் அதைப் பிடித்தால் உன் நெஞ்சு அடிப்பதெல்லாம் குழலில் தெரியும். கனமானது அப்படியே உட்கார்ந்திருக்கும், உன் சித்தி மாதிரி. அதனால் நடுவாந்தரமாக ஒன்று எடு. மூன்று தோட்டா போடும் பெட்டியோடு, நல்ல பெரிய கண்ணாடியோடு, மூன்றரை நாலு கிலோவில் கிடைக்கும்.

இல்லாவிட்டால் ஒன்று செய்யலாம். எதற்குச் செலவு? என் பழையதே அங்கே சும்மாத்தானே கிடக்கிறது. அக்டோபரில் நான் லீவு போட்டு வருகிறேன். நான் தூக்கிக்கொண்டு ஏறுகிறேன். மேலே போனதும் உன்னிடம் தருகிறேன்.

சாத்தாத ஜன்னலுக்கு மேல் கீலில்தான் கோளாறு. ஒரு அட்டைத் துண்டை மடித்து வை, வசந்தம் வரைக்கும் தாங்கும்.

எப்போதும் போல,
லொவ்ரோ

---

ரவ்னே,
14 மார்ச் 1997

லொவ்ரோ,

அட்டை வைத்தேன், ஜன்னல் சாத்துகிறது. நன்றி. மற்றது எதற்கும் நன்றி இல்லை.

மேலே போனதும் தருவாயா? இருபது வருஷத்துக்கு மேலாக மேலே போனதும் என்ன நடந்தது என்று உனக்கு நினைவில்லையா? எனக்கு இருக்கிறது. ஈரக் கல்லில் வயிற்றைப் போட்டுக்கொண்டு பைனாகுலரைக் கண்ணில் வைத்தபடி நான் கிடப்பேன். நீ பக்கத்தில் ரொட்டி தின்பாய். "செவப்புப் பாறைக்கு எடப்பக்கம், ரெண்டாவது பிளவுல, படுத்திருக்கு"ன்னு நான் சொல்வேன். "எங்க? எங்கடி?" என்பாய். உனக்கு ஒரு தடவையாவது முதலில் தெரிந்திருக்கிறதா? நான் கையைப் பிடித்துக் காட்டவேண்டும். பிறகு நீ சுடுவாய். சுட்டால் விழும், அதில் குறை சொல்லமாட்டேன். கீழே வந்தால் சங்கத்துச் சுவரில் கொம்பு ஏறும், கீழே பலகையில் உன் பெயர் ஏறும்.

அந்த நாட்களை நான் பழிக்கவில்லை. அவை என் நல்ல நாட்கள். விடிவதற்கு முன் கணவாயில் நின்று ரம் விட்ட டீ குடிப்போமே, ஒரே மூடியில் மாற்றி மாற்றி. அந்த வாசனை இப்போதும் அக்டோபர் பிறந்தால் மூக்குக்கு வருகிறது. என் விரல் விறைத்துப்போனால் உன் கக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்வாய். அதெல்லாம் நான் மறக்கவில்லை.

ஆனால் அந்த மார்ட்டின் திருநாள் விருந்தையும் மறக்கவில்லை. சுவரைக் காட்டி, "இதுல பாதி என்னோடது"ன்னு சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும், குடித்திருந்தார்கள். நீயும் சிரித்தாய் லொவ்ரோ. அடுத்த வருஷம் நீ மாரிபோருக்கு வேலை என்று சொன்னபோது நான் ஏன் கூட வரவில்லை என்று எல்லாரும் கேட்டார்கள், நீ மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்பேன்.

இனி துப்பாக்கி. எனக்கு மூன்று தோட்டாப் பெட்டி வேண்டாம். நம் சங்கத்து விதி உனக்குத் தெரியாததா? புதியவரின் முதல் குண்டு தவறினால் அந்த வருஷத்து ஆடு அடுத்தவருக்குப் போகும். இரண்டாவது தோட்டாவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, ஊறுகாய் போடவா? அந்த மடக்குத் துப்பாக்கி ஒன்று பார். நடுவில் ஒடித்து ஒரே தோட்டா போடுவார்களே, அது. பெட்டி இல்லை, தாழ்ப்பாள் இல்லை, இரும்பு குறைவு. பகல் வெளிச்சத்தில்தான் நான் சுடப்போகிறேன், அதனால் சின்னக் கண்ணாடி போதும். தோட்டா ஆறரை மில்லிமீட்டர். ஆடுதானே, கரடி இல்லை. உதை குறைவாக இருந்தால் நான் கண்ணை மூடாமல் சுடுவேன்.

யாருக்காவது சித்தியைப் போல உட்காரும் துப்பாக்கி வேண்டுமென்றால் என் சித்தியின் விலாசம் தருகிறேன்.

மின்கா

---

மாரிபோர்,
27 ஏப்ரல் 1997

அன்பு மின்கா,

தாமதத்துக்குக் கோபிக்காதே. நான் சிரித்ததைப் பற்றி எழுதியிருந்தாய். அதற்குப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். எனக்கு வராது. அதனால் துப்பாக்கியைப் பற்றி எழுதுகிறேன், அது வரும்.

கிடைத்துவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஸ்டைரியாவில் ஒரு காட்டிலாகா அதிகாரி வைத்திருந்தது, மடக்குத் துப்பாக்கி, ஆறரை மில்லிமீட்டர். நிறையப் பேர் இதைச் சீந்தமாட்டார்கள், ஒரே தோட்டா என்று. குழலைத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். உள்ளே பளிங்கு மாதிரி இருக்கிறது. நாலு மடங்கு காட்டும் சின்னக் கண்ணாடி ஒன்று பூட்டினேன். வாரோடு சேர்த்து மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. நீ சொன்னதுதான் சரி என்று பூட்டின பிறகு புரிந்தது. நான் சொன்னது எல்லாம் பரணில் உட்கார்ந்து சுடுகிற பேச்சு. இந்தச் சமவெளியில் ஐந்து வருஷம் இருந்ததில் நான் மலையை மறந்துவிட்டேன் போலிருக்கிறது.

தோளில் ஊன்றும் மரக்கட்டை நீளமாக இருந்தது. அந்த அதிகாரி நெட்டையன். பின்பக்கம் அறுத்துக் குறைத்து, ரப்பர் வைத்து, கன்னம் படும் இடத்தையும் இழைத்தேன். உன் அளவைக் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டுமோ என்னவோ.

சில விஷயம் சொல்லியே ஆகவேண்டும், பொறுத்துக்கொள். குழலைக் கல்லின் மேல் வைத்துச் சுடாதே, இலேசானது துள்ளி மேலே அடிக்கும். பையை வை, பைக்கு மேல் உன் கையை வை. ஏறினதும் சுடாதே. உட்கார், ஏதாவது தின்னு, யாகொப்பைத் திட்டு, மூச்சு இறங்கட்டும். செங்குத்தாக மேலேயோ கீழேயோ சுட்டால் குறிக்குக் கொஞ்சம் கீழே பிடி. இதெல்லாம் உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதினால் எனக்குத் திருப்தி.

காகிதங்களோடு யாகொப் வந்து வாங்கிக்கொள்வான். விலையைப் பற்றிப் பேசாதே. நான் சாய்ந்து தூங்கிய நாற்காலியைப் பூனையிடமிருந்து வாங்கி வை, அது போதும்.

முதல் ஆட்டுக்குத் துணை ஒருவர் கூட வரவேண்டும் அல்லவா? யார் வருகிறார்கள்?

லொவ்ரோ

---

ரவ்னே,
10 ஆகஸ்ட் 1997

அன்புள்ள லொவ்ரோ,

புல் அறுக்கிற நாட்கள், கடிதத்துக்கு நேரம் கிடைக்கவில்லை. இப்போது மழை பிடித்துக்கொண்டது, அதனால் எழுதுகிறேன்.

துப்பாக்கி வந்த அன்றே யாகொப் வீட்டு முற்றத்தில் கண்ணை மூடிக்கொண்டு தோளுக்கு எடுத்தேன். கண்ணைத் திறந்தால் கண்ணாடிக்கு நேர் நடுவில் என் கண் இருக்கிறது. கழுத்தை நீட்டவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். யாகொப் தானும் எடுத்துப் பார்த்து, "இதென்ன, பொம்மைக்குச் செஞ்ச மாதிரி இருக்கு, என் மூக்கு இடிக்குது" என்றான். "உனக்குச் செஞ்சது இல்ல, கீழ வை" என்றேன். பயிற்சி மைதானத்தில் சுட்டுப் பார்த்தேன். உதைக்கிறது, ஆனால் பொறுக்கலாம். நூறு மீட்டரில் என் குண்டுகள் எல்லாம் ஒரு காபிக் கோப்பைக்குள் அடங்கும்.

அளவு எப்படித் தெரிந்தது என்று ரொம்ப யோசித்தேன். உன் மழைக்கோட்டைத்தான் நான் வருஷக்கணக்காக மலைக்குப் போட்டுக்கொண்டு வருவேன். கை நீளம் என்று நீதான் இரண்டு மடிப்பு மடித்து விடுவாய். அதுவா? ஒருவன் பிரிந்து ஐந்து வருஷம் கழித்தும் ஒருத்தியின் கையின் நீளத்தை மரத்தில் சரியாக அறுக்கிறான் என்றால் அதை நான் எப்படி எடுத்துக்கொள்வது? யாகொப் முன்னால் அழுகிற ஆள் இல்லை நான். வீட்டுக்கு வந்து அழுதேன்.

துணைக்கு யார் என்று கேட்டாய். ஏப்ரலிலிருந்து அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கிறேன். நீ வா. அக்டோபர் இரண்டாவது வாரம். இந்தத் தடவை பைனாகுலர் உன் கழுத்தில், துப்பாக்கி என் தோளில். நீ தேடு, நான் ரொட்டி தின்கிறேன்.

மேல் குடிசையில் யாகொப் இருப்பான். அவன் குறட்டை இன்னும் அப்படியேதான்.

உன்
மின்கா

---

மாரிபோர்,
17 அக்டோபர் 1997

அன்பு மின்கா,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். புருவத்தில் நாலு தையல். ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் டாக்டர், "எதுல இடிச்சுக்கிட்டீங்க?" என்றாள். "அடுத்தவங்க துப்பாக்கில"ன்னு சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. கடையில் முதலாளிக்குச் சொல்லாமலே புரிந்தது. காலையிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் விரலால் புருவத்தில் பிறை வரைகிறார். துப்பாக்கி உதைத்துக் கண்ணாடி புருவத்தைக் கடித்தவன் என்றால் இந்தத் தொழிலில் அவ்வளவு மரியாதை!

குடிசையில் நீ பேசவே இல்லை. களைப்பு என்று நினைத்தேன். நான் தவறவிட்டதற்கு வருத்தம்தான். கட்டை எனக்குக் குட்டை, மேல்நோக்கி வேறு சுட்டேன், அதுதான். ஆனால் நாம் இரண்டு பேரும் ஏறிப்போய்ப் பார்த்தோம், ரத்தமும் இல்லை, முடியும் இல்லை. சுத்தமாகத் தப்பிவிட்டது, அந்த வரைக்கும் நிம்மதி.

குண்டுச் சத்தம் கேட்டு யாகொப் வந்து நின்றானே, அப்போது "நான்தான் சுட்டேன், தவறிடுச்சு"ன்னு நீ முந்திக்கொண்டாய். அதற்கு ரொம்ப நன்றி மின்கா. உனக்கு ஒதுக்கியதை நான் சுட்டேன் என்று தெரிந்திருந்தால் என் வேட்டைச் சீட்டைக் கிழித்திருப்பார்கள். இந்த வருஷம் போனால் போகட்டும், அடுத்த வருஷம் உனக்கு இன்னொன்று ஒதுக்காமலா போவார்கள்?

மற்றபடி அந்த விடியற்காலை என் மனசிலேயே நிற்கிறது. கணவாயில் டீ குடித்தோமே, அதே மூடி. அப்போது நீ சிரித்தாய். அந்தச் சிரிப்புக்காகவே வந்திருக்கலாம் என்று தோன்றியது.

எப்போதும் உன்
லொவ்ரோ

---

ரவ்னே,
24 அக்டோபர் 1997

லொவ்ரோ,

களைப்பு இல்லை.

என்ன நடந்தது என்று உனக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. நான் சொல்கிறேன். பைனாகுலர் உன்னிடம் இருந்தது, கடாவை வெறுங்கண்ணால் பார்த்தது நான். நீ சொன்னபடியே பையை வைத்தேன், பைக்கு மேல் கையை வைத்தேன், ரொட்டிகூடத் தின்றேன். மூச்சு இறங்கிவிட்டது. கடா பக்கவாட்டில் நின்றுகொண்டிருந்தது, எனக்காகவே நிற்பது போல. கண்ணாடியில் அதன் தோளைப் பிடித்துவிட்டேன். அப்போது நீ காதருகில், "தூரம் ஜாஸ்தி, குடு" என்றாய். உன் கை நீண்டது.

நான் கொடுத்தேன்.

உன் கையின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது பழகின கை. என் கையின் மேல்தான் கோபம். ஒரு வருஷம் பரண்களுக்கு ஆணி அடித்து, பரீட்சை எழுதி, ஊர் வாயில் விழுந்து, எனக்கென்று ஒரு துப்பாக்கியைத் தேடி வாங்கி, அதை ஒரு வார்த்தைக்கு எடுத்துக் கொடுத்துவிட்டேன். அது போதாதென்று யாகொப்பிடம் பொய்யும் சொன்னேன். உன்னைக் காப்பாற்ற வேண்டுமென்று யோசித்தா சொன்னேன்? யோசிக்கவே இல்லை. அதுவும் பழக்கம்.

இப்போது சங்கத்துக் கணக்கில் மின்காவின் முதல் குண்டு தவறிவிட்டது. நான் அந்தத் துப்பாக்கியில் ஆட்டை நோக்கி ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை. தபால் கொடுக்கப் போகும் வீட்டிலெல்லாம், "பரவாயில்ல மின்கா, பொம்பளைக்கு இதெல்லாம் கஷ்டம்தான்" என்று ஆறுதல் சொல்கிறார்கள். காபி கொடுத்து ஆறுதல் சொல்கிறார்கள். கடாவை அடுத்த கூட்டத்தில் வேறு ஆளுக்கு மாற்றப்போகிறார்கள்.

நீ நன்றி எழுதியிருக்கிறாய். அதைப் படித்த பிறகுதான் இது முடிந்துவிட்டது என்று நினைத்தேன். பதில் எழுதவேண்டாம்.

மின்கா

---

மாரிபோர்,
9 நவம்பர் 1997

மின்கா,

பதில் வேண்டாம் என்றாய். இது பதில் இல்லை, தகவல். உன் காதுக்கு வேறு யார் மூலமாகவும் வருவதற்கு முன் என்னிடமிருந்து வரட்டும்.

போன வெள்ளிக்கிழமை யாகொப்புக்கு டெலிபோன் செய்தேன், கூட்டம் நடக்கும் நேரமாகப் பார்த்து. "சத்தமா வையி, எல்லாருக்கும் கேக்கட்டும்" என்றேன். சுட்டது நான், கேட்டு வாங்கியது நான், மின்கா ஒரு குண்டும் சுடவில்லை என்று சொன்னேன். அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு யாகொப், "டேய் லொவ்ரோ, அன்னைக்கு உன் புருவத்தப் பாத்தப்பவே தெரியும்டா. அந்தப் பிறை எப்படி விழும்னு இங்க யாருக்குத் தெரியாது? பாறைல வழுக்கிட்டேன்னு சொன்னியே, பாறைக்கு வட்டமா வாய் இருக்கா? நீயா சொல்லுவியான்னுதான் பாத்துட்டிருந்தேன்" என்றான்.

தெரிந்துகொண்டே உன்னை அந்தக் காபியெல்லாம் குடிக்கவிட்டானே என்று அவன் மேல் கோபம் வந்தது. பிறகு, தெரிந்துகொண்டே விட்டவன் நான்தான் என்று உறைத்தது.

தீர்ப்பு: எனக்கு இரண்டு வருஷம் மலைக்கு அனுமதி இல்லை. நியாயம்தான். கடா உன்னுடையது, டிசம்பர் முடியும்வரை.

இன்னொன்றும் சொன்னேன், யாரும் கேட்காமலே. சுவரில் என் பெயர் போட்ட கொம்புகளில் ஒன்றைக்கூட நான் முதலில் பார்த்ததில்லை என்று. அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

துப்பாக்கியின் கண்ணாடியை ஒரு தடவை சரிபார்த்துக்கொள். என் நெற்றியில் இடித்ததில் நகர்ந்திருக்கலாம். மைதானத்தில் சுட்டுப் பார்க்காமல் மேலே போகாதே.

லொவ்ரோ

---

ரவ்னே,
1 டிசம்பர் 1997

அன்புள்ள லொவ்ரோவுக்கு,

கண்ணாடி நகர்ந்துதான் இருந்தது. மைதானத்தில் குண்டு இரண்டு விரல்கடை வலப்பக்கம் போனது. நீ சொல்லாவிட்டால் தெரிந்திருக்காது. சரிசெய்துகொண்டேன்.

சனிக்கிழமை போனேன். கணுக்கால் அளவுக்குப் பனி. துணைக்கு யாகொப். பாதி வழியிலேயே, "நீ போ மின்கா, நான் பின்னாடியே வர்றேன்"னு ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டான், அவனுடைய கனத்த துப்பாக்கியோடு. எனக்குத் தோளில் ஏதோ இருக்கிறது என்பதே பாதி நேரம் மறந்துபோனது. நல்ல துப்பாக்கி லொவ்ரோ. நல்ல வேலை செய்திருக்கிறாய்.

கடா பழைய இடத்தில் இல்லை, பனிக்காகக் கீழே மரங்களின் ஓரத்துக்கு இறங்கியிருந்தது. அதையும் நான்தான் பார்த்தேன். படுத்தேன், காத்திருந்தேன், ஒரே குண்டு. நின்ற இடத்திலேயே சாய்ந்தது. பிறகு அப்படியே கொஞ்ச நேரம் கிடந்தேன். பக்கத்தில் யாரும் இல்லை, யாரும் கேட்கவில்லை. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. அதோடு, தலையைத் திருப்பி நீ இருக்கிறாயா என்று பார்க்கவும் செய்தேன். இரண்டும் உண்மை. இரண்டையும் உன்னிடம் சொல்லிவிடவேண்டும் என்று தோன்றியது.

யாகொப் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தான். பைன் குச்சியை ஒடித்து, ஒரு கிள்ளு ஆட்டின் வாயில் கடைசிக் கவளமாக வைத்தோம், தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றோம். பிறகு வழக்கப்படி மிச்சக் குச்சியை ஒடித்தான், சுட்டவருக்குப் பாதி, முதலில் பார்த்தவருக்குப் பாதி. ஒடித்துவிட்டு முழிக்கிறான். "ரெண்டும் நீதானா? இப்போ இந்தப் பாதிய நான் என்ன பண்றது?" "என் தொப்பில இந்தப் பக்கமும் செருகு" என்றேன். இரண்டு காதுக்கு மேலும் குச்சியோடு ஊருக்குள் இறங்கினேன், நானே ஒரு ஆடு மாதிரி. அன்று யாரும் ஆறுதல் காபி கொடுக்கவில்லை. பிராந்தி கொடுத்தார்கள்.

இப்போது உன் விஷயம். நீ டெலிபோனில் சொன்னதை எனக்கு ஆறு பேர் ஆறு விதமாகச் சொல்லிவிட்டார்கள். எல்லார் சொன்னதிலும் கடைசி விஷயம் ஒன்றாகவே இருந்தது. நான் கேட்காமல் நீ செய்தாய். அதற்கு நன்றி என்று எழுதப்போவதில்லை, அது எனக்குச் சேரவேண்டியது. ஆனால் உன் கடிதத்தைப் படித்த அன்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன்.

திரும்பி வந்துவிடவா என்று நீ கேட்கவில்லை. கேட்டால் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். தனியாக இருக்கப் பழகிவிட்டேன், அது ஒன்றும் கெட்ட பழக்கம் இல்லை. ஆனால் இரண்டு வருஷம் மலை இல்லாமல் உன் ஞாயிற்றுக்கிழமைகளை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய் என்று யோசித்துப் பார்த்தேன். அந்தப் பல் டாக்டரோடு பரணில் உட்கார்ந்திருப்பாய். பாவம்.

பின்தொடை ஒன்றைச் சங்கத்திடமிருந்து வாங்கி, சிவப்பு ஒயினில் ஊறப்போட்டிருக்கிறேன். வருகிற ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு வா. அதற்குமேல் எதையும் நினைத்துக்கொண்டு வராதே, பெட்டி எதுவும் கொண்டுவராதே. கடைசி பஸ் ஆறு மணிக்கு, இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறது. அதைப் பிடிக்கவேண்டுமா விட்டுவிடலாமா என்று ஐந்தரைக்கு நான் சொல்கிறேன்.

மின்கா